30-இல் மந்தம், 40-இல் பாய்ச்சல்: இந்த வண்டியை வாங்கலாமா?

கேள்வி: புது கார் வாங்குவதற்காக இரண்டு பெட்ரோல் வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் டர்போ உண்டு, மற்றதில் இல்லை. டர்போ வண்டி மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு மிதித்தாலும் மந்தமாகவே வந்தது. 40-ஐத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலப் பாய்ந்தது. மற்ற வண்டியில் அப்படி எதுவும் இல்லை. ‘அதுதான் சார் டர்போவோட பவர்’ என்கிறார் விற்பனையாளர். இது சிறப்பா, கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சிறப்பு என்றும் சொல்ல மாட்டேன். அந்த எஞ்சினின் குணம், அவ்வளவுதான். அது உங்கள் ஓட்டத்துக்கு ஒத்துவருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது வேகம் காட்டும் முள்ளை. அடுத்த முறை பக்கத்தில் இருக்கும் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். சிறிய கார்கள் பலவற்றில் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 1,700, 1,800 சுற்றை ஒட்டி ஓடும். இப்போது அதே 30 கிலோமீட்டரில் இரண்டாவது கியருக்கு இறக்கி மிதியுங்கள். சுற்று ஏற்கெனவே 2,000 பக்கம் இருக்கும், வண்டி சட்டென்று கிளம்பும். ஆக, 40 என்ற எண்ணில் ஒரு விசேஷமும் இல்லை. எஞ்சினின் பலம் வண்டியின் வேகத்தைப் பொறுத்ததல்ல, அதன் சொந்தச் சுற்றைப் பொறுத்தது.

அந்தச் சுற்றில் என்ன நடக்கிறது? டர்போவில் ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும்; மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், இழுவையும் கூடும். சுற்று குறைவாக இருக்கும்போது புகை போதாது, சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது டர்போ இல்லாத ஒரு சின்ன எஞ்சின்தான். சுற்று ஏறினால் புகை கூடும், அது கூடுதல் காற்றைக் கொண்டுவரும், அந்தக் காற்று இன்னும் அதிகப் புகையை உண்டாக்கும். ஒன்றை ஒன்று ஏற்றிவிடுவதால்தான் பலம் படிப்படியாக வராமல் மொத்தமாக வந்து இறங்குகிறது. எல்லை மீறிவிடாமல் இருக்க, மிஞ்சிய புகையை டர்போவின் பக்கம் விடாமல் திருப்பி அனுப்ப ஒரு வால்வும் உண்டு.

இதில் இரண்டு தாமதங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1,300 சுற்றில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பாய்ச்சல் வராது. அதற்குக் கியரை இறக்குவதுதான் வழி. 2,500 சுற்றில் மிதித்த பிறகும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்பினால், அது டர்போ சக்கரம் வேகம் பிடிக்க எடுக்கும் நேரம். முதலாவது ஓட்டுகிற பழக்கத்தால் சரியாகும். இரண்டாவது நீளமாக இருந்தால் எந்தப் பழக்கமும் உதவாது, அந்த வண்டியைத் தவிர்க்கலாம்.

டர்போ இல்லாத எஞ்சினிலும் பலம் ஒரே சீராக வருவதில்லை. காற்று வரும் குழாயின் நீளமும் வால்வு திறந்து மூடும் நேரமும் ஏதோ ஒரு சுற்றுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே இழுவை உச்சத்தில் இருக்கும், இரு பக்கமும் மெல்லச் சரியும். இதைச் சமாளிக்கத்தான் வால்வு நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் ஏற்பாடுகள் வந்தன. 1989-இல் ஹோண்டா இன்டக்ராவில் வந்த விடெக் என்ற ஏற்பாடு, சுற்று மேலே ஏறியதும் வால்வுகளை வேறு கேமுக்கு (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) மாற்றியது. அந்த இடத்தில் எஞ்சினின் சத்தமே மாறும். வேகப் பிரியர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். தினசரி ஓட்டத்தில் அந்தச் சுற்றை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாங்கும்போது செய்ய வேண்டியது: விவரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் குதிரைத்திறனை விட்டுவிட்டு டார்க், அதாவது இழுவை, என்ற வரியைப் படியுங்கள். ‘170 நியூட்டன் மீட்டர், 1,750 முதல் 4,000 சுற்று வரை’ என்று இருந்தால், முதல் சுற்று எண்தான் உங்கள் பாய்ச்சல் தொடங்கும் இடம். டார்க்கைச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் எஞ்சினின் பலம் கிலோவாட்டில் கிடைக்கும். 1,750-இல் 31 கிலோவாட், 4,000-இல் 71. இழுவை மாறாமலே பலம் இரண்டு மடங்குக்கு மேல். ஒரே எண்ணை மட்டும், அதுவும் 4,400 சுற்றில் என்று போட்டிருந்தால், அந்த வண்டியை நன்றாக விரட்டினால்தான் உச்ச இழுவை கிடைக்கும்.

அப்புறம், தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 25-இலிருந்து மிதித்துப் பாருங்கள். நெரிசலில் ஊர்ந்து போவதுதான் உங்கள் அன்றாடம் என்றால், அந்த டர்போ வண்டி ஓயாமல் கியர் மாற்ற வைக்கும். நான் மற்றதை எடுப்பேன். நெடுஞ்சாலையும் மலைப்பாதையும் அதிகம் என்றால் தயங்காமல் டர்போ.

கேள்வி: பழைய டீசல் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். 80 வரை நன்றாக இழுக்கிறது, அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ‘இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் போதும்’ என்கிறார் விற்பவர்.

பதில்: சோதிக்காமல் சொல்லும் வைத்தியத்தை நம்ப வேண்டாம். 80 என்பது எந்தக் கியரில்? நான்காவதிலும் ஐந்தாவதிலும் தனித்தனியாக ஓட்டி, எங்கே நிற்கிறது என்று இரண்டு முட்களையும் பாருங்கள்.

எல்லாக் கியரிலும் ஒரே சுற்றில், உதாரணமாக 3,000-இல், நின்றுவிட்டால் கோளாறு எஞ்சின் பக்கம். ஏதோ ஒரு சென்சார் பிழை காட்டியதால் கம்ப்யூட்டர் பலத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கலாம். புகை வெளியேறும் பாதை அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தால் மிதிக்கும்போது ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்கும், கரும்புகையும் வரலாம். சும்மா நிற்கும்போது சுற்று நன்றாக ஏறி, பாரத்தில் மட்டும் திணறினால் முதலில் டீசல் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது எஞ்சினே அல்ல, கிளட்ச் வழுக்குகிறது.

சுற்று எதுவானாலும் 80-இல்தான் நிற்கிறது என்றால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று எதிர்ப்பும் ஒரு காரணம்தான்: 80-இலிருந்து 100-க்குப் போகும்போது காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் அது வண்டியைச் சோர வைக்குமே தவிர, நல்ல நிலையில் உள்ள டீசல் காரை 80-இல் நிறுத்தாது.

கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடுகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜெக்டர்தான் காரணம் என்றால் அவரே சுத்தம் செய்து கொடுக்கட்டும், ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரில் முந்திச் செல்ல மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காமல், பிறகு குதிக்கிறது. இதுவும் டர்போவா?

பதில்: பெரும்பாலும் கியர்பாக்ஸ். நீங்கள் அழுத்தி மிதித்ததும் அது ஒன்றிரண்டு கியர் கீழே இறங்குகிறது, அந்த இடைவெளிதான் அது. கையால் கியர் மாற்றும் வசதி இருந்தால் முன்கூட்டியே கீழே இறக்கிவிட்டு மிதியுங்கள். அப்போது தாமதம் மறைந்தால் காரணம் கியர்பாக்ஸ், மறையாவிட்டால் டர்போ. எந்த வேகத்திலும் இந்த இடைவெளியே பிடிக்காது என்றால் மின்சார காரையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் தரும். ஆனால் அதிலும் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் இழுவை இறங்கும், அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் முந்துவதையும் சேர்த்தே சோதியுங்கள்.