கவுன்சிலரம்மாவின் போன் ராத்திரி 12 மணிக்கு அடித்தால்

மதுரை மாநகராட்சிக் கவுன்சிலர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சாக்கடை, கரண்ட், பட்டா, ஸ்டேஷன் பஞ்சாயத்து, காலேஜ் சீட்டு, எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன், ராத்திரி 12 மணிக்கும். எடுக்காவிட்டால் 'ஓட்டுக் கேட்க மட்டும் வந்தீங்க' என்கிறார்கள். தூக்கமே போச்சு. ராஜினாமா செய்துவிடலாமா?"

அவசரப்படாதீர்கள் அம்மா. உங்கள் பட்டியலில் மாநகராட்சி வேலை சாக்கடை ஒன்றுதான். கரண்டுக்கு மின்வாரியம், பட்டாவுக்கு தாசில்தார் ஆபீஸ், ஸ்டேஷன் விவகாரத்தில் உங்களுக்கு அதிகாரமே கிடையாது. ஆனால் ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போகும்போது இதை யார் சொல்கிறார்கள்? "எதுன்னாலும் ஒரு போன் போடுங்க" என்றுதான் எல்லோரும் ஜெயிக்கிறார்கள், அந்த ஒரு போன்தான் இப்போது அடிக்கிறது. பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊரில் வார்டு 100, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கரண்டுக்கு மின்னகம் 94987 94987, மற்ற அரசுத் துறைப் புகாருக்கு 1100. இரண்டையும் வாசலில் எழுதிப் போடுங்கள், வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பைக்கு மட்டும் ஒரு நோட்டு: தேதி, தெரு, எந்த இன்ஜினியரிடம் சொன்னீர்கள், என்றைக்குச் சரியானது. வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடக்கும்போது அதை அப்படியே வாசியுங்கள், ஆகாததை ஆகவில்லை என்றே சொல்லுங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் போன் கிடையாது. முதல் மாதம் திட்டு விழும், விழட்டும்.

அதற்காகப் போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆறே மாதத்தில் அவர் கவுன்சிலர் ஆகிவிடுவார், நீங்கள் கையெழுத்துக்கு மட்டும். எத்தனை வார்டில் பார்த்தாச்சு!

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, மொய். நம்ம ஊரில் கவுன்சிலர் காதுகுத்துக்கு வந்து 200 ரூபாய் எழுதிவிட்டுப் போக முடியுமா? மதிப்பூதியம் மாதம் 10,000, ஆவணி முகூர்த்தத்தில் அது ஒரு வாரம் தாங்காது. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குக் கூடுதலாக எழுதினால் பந்தி முடிவதற்குள் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும்.

தூக்கமில்லாமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் டாக்டரைப் பாருங்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கவுன்சிலரம்மா அங்கே வந்தாங்களாமே என்று ஊர் பேசும் என்று தயங்கினால் 14416, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ராஜினாமாவைப் பற்றி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு யோசிப்போம்.