மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட்: பெருக்கணுமா, வகுக்கணுமா?

மில்லிவோல்ட்டை வோல்ட்டாக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பாலிடெக்னிக் முதலாண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் இதே குழப்பம் இருந்தது. தீர்த்து வைத்தவர் திருநெல்வேலிப் பேட்டையில் நான் தொழில் பழகிய மோட்டார் வைண்டிங் பட்டறை அண்ணாச்சி.

ஒரு நாள் மல்டிமீட்டர் குமிழை 2000 எம்மில், அதாவது 2000 மில்லிவோல்ட் வரை அளக்கும் இடத்தில் வைத்து ஒரு பென்சில் பேட்டரியை அளந்தேன். 1482 என்று காட்டியது. "எத்தன வோல்ட்டுலே?" என்றார். முழித்தேன்.

"நெல்ல மரக்கால்ல அளந்தா எண்ணிக்கை கூடுமா, உழக்குல அளந்தா கூடுமா?"

"உழக்குலதான் அண்ணாச்சி."

"பொறவென்ன? குவியல் அதேதான. சின்ன அளவையில சொன்னா எண் ஏறும், பெரிய அளவையில சொன்னா இறங்கும்."

வோல்ட், மில்லிவோல்ட்டைவிடப் பெரிய அளவை. எண் இறங்க வேண்டும், அதனால் ஆயிரத்தால் வகுக்க வேண்டும்: 1.482 வோல்ட். அன்றைக்குப் பிறகு எனக்கு இதில் தடுமாற்றமே வந்ததில்லை.

மைக்ரோ, மில்லி, வோல்ட், கிலோ, மெகா. படிக்குப் படி ஆயிரம் மடங்கு. சென்டி, டெசி எல்லாம் வோல்ட்டோடு யாரும் புழங்குவதில்லை, விட்டுவிடுங்கள்.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் வேறொன்று. நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். இந்த அளவைகளோ மூன்று மூன்று சுழியாக நகர்பவை. கூடங்குளத்திலிருந்து வரும் 400 கிலோவோல்ட் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 லட்சம் வோல்ட். மெகாவோல்ட் என்றால் 10 லட்சம், ஆகவே 0.4 மெகாவோல்ட். இப்படிக் கணக்குப் போடும்போது மட்டும் 4,00,000 என்று எழுதாமல் 400,000 என்று காற்புள்ளி வையுங்கள். ஒரு காற்புள்ளி ஒரு படி. கண்ணாலேயே மாற்றிவிடலாம்.

வயலோரத்து டிரான்ஸ்ஃபார்மர் 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. விகிதம் கேட்டால் 11-ஐ 433-ஆல் வகுக்காதீர்கள். 11,000-ஐ வகுத்தால்தான் 25.4 வரும். இரண்டும் ஒரே அளவைக்கு வந்த பிறகே கணக்கு.

அப்புறம், எழுத்து. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு இருக்கிறது. பதில்தாளில் தெளிவாக எழுதிப் பழகுங்கள்.

வர்க்கம் வரும் சூத்திரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 10 ஓம் மின்தடைக்குக் குறுக்கே 20 மில்லிவோல்ட் இருந்தால் திறன் எவ்வளவு? 20-ஐ வர்க்கமாக்கி 10-ஆல் வகுத்து, "40 மில்லிவாட்" என்று எழுதிவிடுவார்கள். தப்பு. மில்லியும் சேர்ந்து வர்க்கமாகிறது. முதலிலேயே 0.02 வோல்ட் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், 0.00004 வாட் வரும். அதாவது 40 மைக்ரோவாட்.