பழைய வீட்டுப் பார்க்கே மரத்தளம் ஏன் பெயர்கிறது? அதை எப்படிச் சீரமைப்பது?

சிறிய மரத்துண்டுகளை மீன்முள் முதலிய கோலங்களில் அடுக்கிச் சீமெந்தின்மேல் ஒட்டிய தளமே பார்க்கே. கொழும்பின் பழைய வீடுகள் சிலவற்றில் இதைக் காணலாம்.

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நாரின் குறுக்கே அதிகமாகவும் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் விரிகிறது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் அறைக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும் இதனால்தான். கதவைச் சற்றுச் சீவிவிடலாம், ஆனால் தளத்துக்குச் சுவரோரம் விரிய இடமில்லாவிட்டால் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்பும். காலப்போக்கில் கெட்டியாகி நொறுங்கும் பழைய தார்ப்பசையால் அவற்றைப் பிடித்துவைக்க முடியாது.

ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும். இதைத் தவிர்த்துச் செய்யும் எந்த வேலையும் வீண். பிறகு தளத்தை விரல்கணுவால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் துண்டுகளுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, அடியிலுள்ள தாரைச் சுரண்டி, மரத்தளத்துக்குரிய பசையால் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். சில பழைய கறுப்புத் தார்ப்பசைகளில், தூசாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்ததால், பரிசோதிக்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. எல்லாம் இறுகிய பின்னரே மேற்பரப்பை மெல்லியதாகத் தேய்த்து எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். ஒவ்வொரு தேய்ப்பும் மரத்தின் தடிப்பைக் குறைக்கிறது.

துண்டு ஆடினால் மரம் உளுத்துவிட்டது என்று பலர் முழுத்தளத்தையும் பெயர்த்தெறிகிறார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது பசையே, மரமல்ல.