லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) உபவாசம் இருந்தும் மனதில் விடுதலை இல்லையே, ஏன்?

கறி மீனை விட்டுவிட்டேன், ஒருவேளை உபவாசமும் இருக்கிறேன், ஆனால் என்னை நானே ஆராய உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலூரில் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவன். லெந்துக் கூட்டங்கள் முடிந்து வெளியே நின்று பேசும்போது இதையே பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆராய்கிற வேலையை நீங்கள் தனியாகச் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 139ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற ஜெபம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பு, என் உட்காருதலும் எழுந்திருக்குதலும் உமக்குத் தெரியும், தாயின் கர்ப்பத்திலேயே என்னைக் காப்பாற்றினீர் என்று சங்கீதக்காரர் பாடி முடித்துவிடுகிறார். ஏற்கெனவே எல்லாம் தெரிந்தும் தன்னைக் கைவிடாதவரிடம்தான் 'பாரும்' என்கிறார்.

கத்தோலிக்கத் துறவி இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த தினசரி மன ஆய்விலும் நன்றிதான் முதல் படி, பாவம் அப்புறம்தான். நாம் சி.எஸ்.ஐ. ஆனாலும் அவரிடம் இதைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். ராத்திரி படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் போதும். இன்று கிடைத்ததற்கு நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள். எங்கே கோபம் வந்தது, யாரைக் கண்டு ஒதுங்கிப் போனேன், எதை விட முடியாமல் தவித்தேன்? அதில் ஒன்றை மட்டும் எடுத்து ஜெபியுங்கள். அந்த 'விட முடியாதது' எதுவோ, அதற்குத்தான் நாம் அடிமை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் வேலையை எடுத்து, வீட்டுப் பெண்களிடம் ஜோடிக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்குபவர். லெந்து முழுக்க உபவாசம் இருப்பார். ஆனால் சனிக்கிழமை கூலி மட்டும் எப்போதும் திங்கள், செவ்வாய் என்று தள்ளிப்போகும். ஒரு கூட்டத்தில் ஏசாயா 58 வாசித்தார்கள். உபவாச நாளிலும் உங்கள் வேலைகளைக் கட்டாயமாய்ச் செய்கிறீர்கள், அதாவது வேலை செய்பவர்களை வாட்டுகிறீர்கள் என்று ஆண்டவர் கடிந்துகொள்ளும் பகுதி அது. அடுத்த சனிக்கிழமை அவரே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தார். கையில் ரொக்கம் இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும் என்ற பயம்தான் தன்னை இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தது என்றார். கூலி கொடுத்த அன்றைக்கு அந்தப் பயமும் போயிற்று. அந்தப் பெண்களுக்குச் சனிக்கிழமையே கடைக்குப் போக முடிந்தது. நுகத்தடியை உடைப்பதே உபவாசம் என்று ஏசாயா அதே பகுதியில் சொல்வது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். நுகத்தடி உடைந்தால் இரண்டு பக்கமும் விடுதலை.

உங்கள் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: அண்ணனிடம் பேசு, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு. செய்வதற்கு ஒன்று இருக்கும், செய்ததும் பாரம் இறங்கும். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும் குரலில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. அதை ஆண்டவருடைய குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்து உண்டாக்கின சுயாதீனத்தில் நிலைகொண்டிருங்கள், மறுபடியும் நுகத்துக்கு உட்படாதீர்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது, கிருபையை விட்டுச் சட்டத்துக்குத் திரும்பப் பார்த்த விசுவாசிகளுக்குத்தான்.

இன்னொன்று. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 என்கிறோம். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். நம் ஊர் பங்குனி வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை போடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேளை தவறவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாரம் இறங்கவில்லை என்றால் தனியாகச் சுமக்காதீர்கள். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்வது) இருக்கிறது. நம் சபையில் அந்தப் பழக்கம் இல்லாவிட்டாலும், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் ஆயர் நேரம் ஒதுக்குவார். பெரிய வெள்ளி நெருங்கினால் அவருக்கு ஓய்வே இருக்காது, அதனால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.