இடைக்கால இஸ்லாமியப் பட்டில் யானையும் உண்டு

"இடைக்கால இஸ்லாமியப் பட்டுத் துணிகளில் உயிரினங்களின் உருவங்கள் நெய்யப்பட்டதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நெய்யப்பட்டன. நீங்கள் துணி வடிவமைப்பு படிப்பவர் என்றும், 'இல்லை' என்று யாரோ உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். எனக்கு அதுதான் நடந்தது.

பட்டயப் படிப்பின்போது, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள சேன் ஜோஸ் பட்டைக் கட்டத்தாளில் வரைந்து ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன். எதிரெதிரே நிற்கும் இரு யானைகள், கரையோரம் வரிசையாக நடக்கும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், யானைகளின் காலடியில் கூஃபி என்னும் கோண வடிவ அரபு எழுத்தில் தளபதி அபூ மன்சூர் பக்தகீனுக்கு ஒரு வாழ்த்து. அவர் 961இல் கொல்லப்பட்டார். ஆகவே சாமானித் (Samanid) அரச மரபின் ஆட்சியிலிருந்த குராசானில், அதாவது இன்றைய வடகிழக்கு ஈரானையும் அதையொட்டிய பகுதிகளையும் கொண்ட நிலத்தில், அதற்கு முன்பே நெய்த பட்டு அது. பின்னாளில் பிரான்சில் ஒரு கிறிஸ்தவப் புனிதரின் எலும்புகளைச் சுற்றி வைத்ததால்தான் நமக்கு மிஞ்சியது. ஆசிரியரோ, "இஸ்லாமியக் கலையில் உருவம் கிடையாது" என்று சிவப்பு மையில் எழுதிப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

யானைகள் ஏன் எதிரெதிரே நிற்கின்றன என்பதையாவது அவர் கேட்டிருக்கலாம். தறியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகளைத் தூக்கும் கயிறுகளை உருவத்தின் ஒரு பாதிக்குக் கட்டி, மறுபாதிக்கு அதே வரிசையைத் திருப்பிக் கட்டினால், பாதி வேலையில் முழு உருவமும் கிடைக்கும். இதனால்தான் அக்காலப் பட்டுகள் சிலவற்றில் எழுத்துகளும் ஒரு பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஓடுகின்றன. தறியில் உட்கார்ந்தவருக்கு இது உடனே விளங்கும்.

நான் மார்க்க விளக்கம் சொல்ல வரவில்லை. ஆண்கள் பட்டு உடுத்துவதை நபிமொழிகள் விலக்குவதை அறிவேன். பட்டுப் பாவில் பருத்தி ஊடை (குறுக்கிழை) கோத்த முல்ஹம் துணி அதற்கு மாற்றாகப் புழங்கியதையும் அறிவேன். சிசிலித் தீவின் பலெர்மோவில் 1133-34இல் மன்னர் இரண்டாம் ரோஜருக்குச் செய்த, ஒட்டகத்தைச் சிங்கம் வீழ்த்தும் மேலங்கியை நான் சான்றாகக் காட்டவில்லை. அது பூத்தையல், மன்னரும் கிறிஸ்தவர். ஆசிரியர் நினைத்த நட்சத்திரப் பின்னல் வடிவங்களும் உண்மையே. ஸ்பெயினிலுள்ள கிரனாடாவின் 14ஆம் நூற்றாண்டுப் பட்டுகளில், அந்நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களின் ஓட்டுக் கோலங்களைப் போலவே அவற்றைக் காணலாம். கிரனாடாவில் கண்டதைக் குராசானுக்கும் விதியாக்கியதுதான் அவர் செய்த பிழை.