லீப் முடித்துவிட்டு நாடு மாறி வந்திருக்கிறீர்களா? முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்னால் கருப்பை வாயில் சிஐஎன் 3 (புற்றுநோயாக மாறக்கூடிய கடுமையான செல் மாற்றம்) என்று லீப் (மின்சாரக் கம்பி வளையத்தால் அந்த இடத்தை வெட்டி எடுப்பது) செய்தார்கள், கடைசி வாரம் எடுத்த டெஸ்டில் எச்.பி.வி. (உடலுறவில் பரவி இந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ்) இன்னும் பாசிட்டிவ், சிகிச்சை தோற்றுவிட்டதா, இங்கே யாரிடம் போவது என்று.

தோற்றதாக நினைக்க வேண்டாம். லீப்பில் வெட்டி எடுப்பது மாறிப்போன திசுவை. வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாது, அதை உடம்புதான் அடக்க வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் நெகட்டிவ் ஆகிவிடும், சிலருக்கு ஆவதில்லை. பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அதற்காகச் சும்மாவும் இருக்க முடியாது, கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) பார்க்கச் சொல்லுவார்கள். எச்.பி.வி.யில் 16, 18 வகை என்றால் இன்னும் கவனம், கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டால்தான் வருகிறது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வந்த புதிதில் டாக்டர் "பாப் ஸ்மியர் எடுத்ததுண்டா" என்று, அதாவது கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்டைப் பற்றிக் கேட்டார், ஆமாம், நார்மல் என்றேன். கூச்சம், மொழியும் தடுமாற்றம், போதாததற்கு மொழிபெயர்க்க என்று வீட்டுக்காரர் பக்கத்தில். எனக்கு லீப் நடந்தது அவர்கள் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும்? சாதாரண ஸ்கிரீனிங் பட்டியலில் போட்டு ஐந்து வருடம் கழித்து வாருங்கள் என்று கடிதம் அனுப்பினார்கள், நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நர்ஸ் தோண்டிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது, அப்புறம் கால்போஸ்கோபி, பயாப்சி, மறுபடியும் ஒரு லீப்.

அதனால் "நான் ஸ்கிரீனிங்குக்கு வரவில்லை, சிஐஎன் 3 சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக்கு வந்திருக்கிறேன்" என்று எழுதியே கொண்டுபோங்கள். பெண் டாக்டர் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பழைய மருத்துவமனையிலிருந்து பயாப்சி ரிப்போர்ட்டை இப்போதே வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, வெட்டிய துண்டின் விளிம்பில் மாறிய செல்கள் இருந்தனவா என்பது பயாப்சி ரிப்போர்ட்டில்தான் இருக்கும், இங்கே முதலில் கேட்பதும் அதைத்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க வழிகாட்டுதலில் ஆறாம் மாதம் ஒரு டெஸ்ட், பிறகு மூன்று வருடம் வருடாவருடம், அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது 25 வருடம். இது நெகட்டிவாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு. மலைப்பாக இருக்கும்தான், ஆனால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

"வீட்டுக்காரரிடமிருந்து புதிதாக வந்ததா" என்றும் கேட்டிருந்தீர்கள். டெஸ்டை வைத்து அதைச் சொல்லவே முடியாது, இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். அதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும் தொற்றைப் போக்காது. புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது வைரஸைத் தங்க வைக்கும். அப்புறம், பிள்ளை பெறுகிற யோசனை இருந்தால் லீப் செய்ததைப் பிரசவ டாக்டரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், குறைமாதப் பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால் கருப்பை வாயின் நீளத்தை அளந்து பார்த்துக்கொள்வார்கள்.