சருகு, விதை மாதிரி செஞ்ச வெள்ளி நகைக்கு அவ்ளோ காசு குடுக்கலாமா?

கேள்வி இதுதான்: பெங்களூர்ல ஒரு கண்காட்சியில சருகு, விதை, பூச்சி மாதிரி வெள்ளியில செஞ்ச ஆர்ட் ஜுவல்லரி பாத்தேன், எடை 15 கிராம் கூட இருக்காது, விலை எங்கியோ இருக்கு, இத நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா பாத்து வாங்கணும். முதல்ல ஒன்னு சொல்லிடறேன், பின்னாடி வித்தா காசு வரும்னு நினைச்சு வாங்கவே வாங்காதீங்க, எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் வெள்ளி எடைக்குத்தான் எடுப்பாங்க. நீங்க காசு குடுக்கறது செஞ்சவங்களோட கண்ணுக்கும் கைக்கும்தான், அதனால அந்தக் கண்ணு எப்படின்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சா போதும்.

எனக்கு சொந்த ஊர் கும்பகோணம், அப்பா பத்தர், நகை செய்யறவர். நான் பத்து வருஷமா பெங்களூர்ல இருக்கேன், அல்சூர்ல வீடு, நாகரத்பேட்டைல ஒரு பட்டறைல மேசை ஒன்னு வாடகைக்கு எடுத்து இந்த மாதிரி வெள்ளி வேலைதான் பண்றேன். ஆரம்பத்துல கப்பன் பார்க்ல ஜகரண்டா மரத்தடில விழுந்து கிடக்கிற காயா பொறுக்கிட்டு வருவேன். தட்டையா, வட்டமா, மரக்கட்டை மாதிரி இருக்கும், ஓரம் லேசா நெளிஞ்சிருக்கும், முத்தினதும் சிப்பி மாதிரி ரெண்டா வாய் திறந்துக்கும். அத அப்படியே வெள்ளியில வார்த்துடலாம். காயச் சுத்தி பிளாஸ்டர் மாதிரி ஒரு மாவக் கரைச்சு ஊத்தி, இறுகினதும் சூளைல வச்சு பல மணி நேரம் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா 700 டிகிரிக்கு மேல கொண்டு போவோம், உள்ள இருக்கற காய் எரிஞ்சு சாம்பலாயிடும், அந்தக் காலி இடத்துல உருக்கின வெள்ளிய விட்டா மேல இருக்கற வரி, பூச்சி கடிச்ச தழும்பு எல்லாமே வந்துடும். சுவாமிமலை ஸ்தபதிங்க தேன்மெழுகும் குங்கிலியமும் சேத்து உருவம் பிடிச்சு, காவிரி வண்டல் மண்ணு பூசி, மெழுக உருக்கி வெளிய விட்டுட்டு பஞ்சலோகம் ஊத்துறாங்களே, அடிப்படைல அதே முறைதான். ஆனா மெழுகு ஓடி வந்துடும், காய் சாம்பலா உள்ளயே தங்கும், அத ஒழுங்கா ஊதி எடுக்கலன்னா நகைல பொத்தல் விழும். காயும் போயிடுச்சு, அதே காய் திரும்பக் கிடைக்காது. ஒரு காய்க்கு ஒரே சான்ஸ்.

அப்படி முதல்ல நல்லா வந்த ஒன்ன பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏம்மா, காய மரம் பண்ணிச்சு, மிச்சத்த சூளை பண்ணிச்சு, நீ என்ன பண்ணின?"ன்னு கேட்டார். அன்னிக்கு ரொம்ப வலிச்சுது. அப்புறம் பீரோவத் திறந்து அம்மாவோட மல்லிமொக்கு மாலைய எடுத்துக் கைல குடுத்தார். அதுல மல்லிப்பூவோட நரம்பு கிடையாது, இதழ் கிடையாது, மேல கூரா ஒரு முனை, கீழ கொஞ்சம் பருமன், அவ்ளோதான் ஒரு மொக்கு. ஆனா கழுத்துல போட்டா சாயங்காலம் நெருக்கமாக் கட்டின சரம் மாதிரியே உக்காரும், ஏன்னா அந்த பத்தர் தனியா ஒரு மொக்கப் பாக்கல, சரத்துல மொக்குங்க ஒன்னோட ஒன்னு எப்படி நெருக்கியடிச்சு நிக்குதுன்னு பாத்திருக்கார். நான் காயப் பாத்தேனே தவிர அது என்ன பண்ணுதுன்னு பாக்கவே இல்ல.

பெரிய ஆளுங்க பண்ணதும் இதேதான்னு அப்புறமா புரிஞ்சுது. பிரான்ஸ்ல ரெனே லாலிக்னு ஒருத்தர் 1897, 98 வாக்குல தும்பி உடம்புல இருந்து ஒரு பொண்ணு எழுந்து வர மாதிரி மார்புல குத்துற நகை ஒன்னு செஞ்சார், இப்ப லிஸ்பன்ல குல்பென்கியான் மியூசியத்துல இருக்கு. அதோட இறக்கைல எனாமலுக்குப் பின்னாடி தகடே வைக்கல, வெளிச்சம் ஊடுருவிப் போகும். தும்பி இறக்கைன்னா வடிவத்த விட அந்த வெளிச்சம்தான்னு அவர் கண்டுபிடிச்சிருக்கார். அதே மாதிரிதான் நாம சின்ன வயசுல தீப்பெட்டில வளத்த பொன்வண்டு. அந்த பச்சை சாயம் இல்ல, ஓட்டுல அடுக்கடுக்கா இருக்கற மெல்லிய படலங்கள்ல வெளிச்சம் பட்டுத் திரும்பறதுதான் அப்படித் தெரியுது. டைட்டானியத்துல மின்சாரம் விட்டு மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வரவச்சா, சொட்டு சாயம் இல்லாம நீலம், ஊதா, பச்சைன்னு வரும், வோல்டேஜ மாத்தினா நிறம் மாறும். அதுல வண்டுத் தோடு பண்றவங்க வண்டு உருவத்த மட்டும் எடுத்துக்கல, அதுக்கு நிறம் வர வழியையே எடுத்திருக்காங்க. இப்படிப்பட்ட நகைக்கு நான் யோசிக்காம காசு குடுப்பேன்.

சரி, வாங்கப் போனா என்ன பாக்கணும்னா, பின்பக்கம் திருப்பிப் பாருங்க. இலைக்கு அடிப்பக்கம்னு ஒன்னு இருக்கு, அங்கதான் நரம்பு புடைச்சு நிக்கும். அத விட்டுட்டு வழவழன்னு தட்டையா இருந்துச்சுன்னா, ஏன் அப்படி விட்டீங்கன்னு கேளுங்க, யோசிச்சு விட்டவங்க காரணம் சொல்லுவாங்க. கொக்கி, கொண்டி, சுரை எல்லாம் கடைசில ஒட்டவச்ச மாதிரி இருக்கா, இல்ல காம்பே கொக்கியா வளைஞ்சிருக்கான்னு பாருங்க. இதே மாதிரி எத்தன பண்ணிருக்கீங்கன்னும் கேளுங்க, ரப்பர் அச்சு எடுத்து அம்பது வார்க்கறது தப்பே இல்ல, ஆனா விலை அதுக்கேத்த மாதிரி இறங்கணும். வெள்ளி 925 தானான்னும் பாத்துக்கோங்க, அதாவது ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. நரம்புக்குள்ள கருப்பா இருந்தா அழுக்குன்னு நினைச்சுடாதீங்க, கந்தகக் கரைசல்ல முக்கி வேணும்னே கருக்க வச்சு மேடு மட்டும் மெருகு போட்டிருப்பாங்க, வீட்டுக்கு வந்து பாலிஷ் போட்டுத் தேச்சீங்கன்னா எல்லாம் போயிடும்.

நான் காய வார்க்கறத விட்டுட்டேன். அது வாய் திறக்கறத பண்ணலாம்னு ஒன்றரை வருஷம் முட்டி மோதினேன், ரெண்டு தகடு தட்டி, கீல் வச்சு, உள்ள விதை. ஜகரண்டா விதைக்கு சுத்தி வெங்காயத் தோல் மாதிரி ஒரு இறக்கை இருக்கும், அவ்ளோ மெல்லிசா வார்த்தா வெள்ளி ஓடாது, அதனால அதையும் தகட்டுல தட்டித் தட்டித்தான் கொண்டு வந்தேன். போன தீபாவளிக்கு அப்பாகிட்ட குடுத்தேன். பத்து நிமிஷம் ஒன்னும் பேசல, திறந்து திறந்து மூடிட்டே இருந்தார், அப்புறம் "கீல் கம்பி கொஞ்சம் தடிமனா இருக்கும்மா, இன்னும் ரெண்டு கண்ணு இழுத்திருக்கலாம்"னு சொல்லிட்டு, உள்ள போய் அவரோட கம்பியச்ச, அதான் கண்ணு கண்ணா இருக்கற ஓட்டை வழியா கம்பிய இழுத்து மெல்லிசாக்கற தகட்ட, எடுத்துட்டு வந்தார்.